தண்ணீருக்கு வெளியே படகு எஞ்சின்

தருமபுரி மாவட்டத்துக்கும் படகு எஞ்சினுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஒகேனக்கல்லில் மிதப்பது பரிசல். அதற்கு எஞ்சின், துடுப்புப் போடுகிறவரின் இரண்டு தோள்கள்.

ஆனால் ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே குதித்து ஓடிய காவிரி, கொஞ்ச தூரம் கீழே போனதும் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக அகன்று விரிகிறது. 1925-ல் தொடங்கி 1934-ல் கட்டி முடித்த அணை அது. அணை சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், அதில் தேங்கும் நீர் பென்னாகரம் வட்டம் வரை வந்து நிற்கிறது. நாகமரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்கும், ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் ஆட்கள் பரிசலிலும் விசைப்படகிலும் ஏறிக் கடந்து வந்திருக்கிறார்கள். இது தவிர, காவிரியில் வெள்ளம் வரும்போது தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையினர் கொண்டு வரும் காற்றடைத்த ரப்பர் படகின் பின்புறத்திலும் ஒரு சிறிய எஞ்சின் மாட்டியிருக்கும். 'அவுட்போர்டு எஞ்சின்' என்பார்கள். படகுக்கு வெளியே தொங்குவதால் அந்தப் பெயர்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல மாதமாக வேலையின்றிக் கொட்டகையில் கிடந்த அவுட்போர்டு எஞ்சினை ஒருவர் எடுத்து மரச்சட்டத்தில் மாட்டுகிறார். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கயிற்றைச் சுண்டி இழுக்கிறார். எஞ்சின் 'படபட'வென்று பிடித்துக்கொள்கிறது. காது கிழியும் சத்தம். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறார். "நன்றாக இருக்கிறது" என்று துணியைப் போர்த்தி மூடிவைக்கிறார்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் எஞ்சினைக் கெடுத்துவிட்டார். கெட்டது அவருக்குத் தெரியாது. வெள்ளத்தின் நடுவில், ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் தெரியும்.

அப்படி என்ன நடந்தது? பார்ப்போம்.

பெட்ரோல் எங்கே போகிறது?

எஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து எரிகின்றன. எரியும் அந்தக் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். சிலிண்டரையும் பிஸ்டனையும் செய்திருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகாமல் எப்படி நிற்கிறது? வெப்பத்தை இடைவிடாமல் வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருப்பதால்தான்.

பெட்ரோலில் அடங்கிய சக்தி முழுவதும் புரொப்பெல்லரைச் சுற்றப் பயன்படுவதில்லை. தோராயமாக மூன்று பங்கு வைத்தால், ஒரு பங்குதான் வேலையாக மாறும். ஒரு பங்கு புகையோடு வெளியேறும். மற்றொரு பங்கு சிலிண்டர் சுவர்களில் வெப்பமாக இறங்கும். எஞ்சினுக்கு எஞ்சின் இது கொஞ்சம் மாறும் என்றாலும், நம் கணக்குக்கு இது போதும்.

பத்துக் குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துக் குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 7.5 கிலோவாட். முழு வேகத்தில் ஓடினால் சிலிண்டர் சுவர்களிலும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் இறங்குகிறது. ஒவ்வொரு வினாடியும் 7.5 கிலோஜூல்! இதை யார் சுமப்பது?

தண்ணீர்தான். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அதே எடை அலுமினியத்துக்கு 0.9 கிலோஜூல் போதும். ஆற்று நீர் எஞ்சினுக்குள் புகுந்து 30 டிகிரி சூடாகி வெளியேறுவதாக வைத்தால், 7.5-ஐ 4.2-ஆலும் 30-ஆலும் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 0.06 லிட்டர் வரும். அதாவது நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் சொச்சம். மூன்று நான்கு செம்புத் தண்ணீர் ஒரு எஞ்சினின் உயிரைக் காப்பாற்றுகிறது.

இதில் நம்பிக்கை வராதவர்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெழுகு பூசாத காகிதத்தில் ஒரு சிறு கிண்ணம் மடித்து, அதில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடியுங்கள். நீர் சூடாகும்; காகிதம் எரியாது. காகிதம் தீப்பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரோ நூறு டிகிரிக்கு மேல் போக விடாது. தண்ணீர் இல்லாத கிண்ணத்தை அதே சுடரில் காட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி தண்ணீர் இல்லாத எஞ்சினுக்கு வருவோம். சூடாகும் அலுமினியம் 5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு டிகிரி ஏற்ற 4.5 கிலோஜூல் போதும். வினாடிக்கு 7.5 கிலோஜூல் இறங்கினால், வினாடிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். ஒரு நிமிடத்தில் 100 டிகிரி!

உலோகம் உருகுவதற்கு வெகு முன்னாலேயே வேறொரு விபரீதம் வந்துவிடும். சூடானால் பொருள்கள் விரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. பிஸ்டன் அலுமினியம். அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்ளுறை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.138 மில்லிமீட்டர் பெருக்கும். உள்ளுறையோ 0.066 மில்லிமீட்டர்தான் அகலும். இரண்டுக்கும் இடையில் விடப்பட்டிருக்கும் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் என்றால், கழித்துப் பாருங்கள்: இடைவெளி போதவில்லை! பிஸ்டன் சுவரை இறுக்கிக்கொண்டு நின்றுவிடும். நடுவில் இருந்த எண்ணெய்ப் படலமும் சூட்டில் மெலிந்து போயிருக்கும். 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் உதட்டைப் பிதுக்குவது இதற்குத்தான்.

ரப்பர் சக்கரம்

உங்களில் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் இந்த இடத்தில் குறுக்கிடலாம். "ஐயா, கொட்டகையில் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டவில்லையே. மெதுவாகத்தானே ஓட்டினார்? சும்மா ஓடும் எஞ்சினில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்தான் என்றால், 100 டிகிரி ஏற ஐந்து நிமிடம் ஆகுமே! ஒரு நிமிடத்தில் என்ன கெட்டுப்போகும்?"

சரியான கேள்வி. பதில் எஞ்சினின் தலையில் இல்லை. காலில் இருக்கிறது.

அவுட்போர்டு எஞ்சின் மூன்று பகுதிகள் கொண்டது. மேலே எஞ்சின், நடுவில் நீண்ட கால், அடியில் பல்சக்கரப் பெட்டியும் புரொப்பெல்லரும். காலுக்குள் ஒரு செங்குத்துத் தண்டு மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தத் தண்டிலேயே, பல்சக்கரப் பெட்டிக்குச் சற்று மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம் கோத்திருக்கிறது. இதுதான் இம்பெல்லர். நடுவில் ஒரு குடம். அதைச் சுற்றி வளையக்கூடிய சில ரப்பர் இதழ்கள்.

இந்தச் சக்கரம் சுழலும் கூடு வட்டமானதுதான். ஆனால் தண்டு கூட்டின் நடுவில் இல்லை; ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் வரும் இதழ்கள் நசுங்கி மடங்கும். எதிர்ப்பக்கம் போனதும் நிமிரும். இதழ் நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு நடுவேயுள்ள அறை பெரிதாகிறது. அழுத்தம் குறைகிறது. ஆற்று நீர் உள்ளே வருகிறது. மறுபடி மடங்கும்போது அறை சுருங்குகிறது. நீர் மேலே எஞ்சினுக்குத் தள்ளப்படுகிறது. கொல்லர் பட்டறைத் துருத்தியை வட்டமாக வளைத்துச் சுற்றவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு நிபந்தனை. இதழ்களின் முனைகள் எப்போதும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே சுற்றுகின்றன. உராய்வைக் குறைக்க அங்கே எண்ணெயோ கிரீசோ கிடையாது. உள்ளே வரும் தண்ணீரேதான் மசகு. தண்ணீரைத் தள்ளுவதும் இதுதான். தள்ளும் தண்ணீரால் பிழைத்திருப்பதும் இதுதான்.

இதையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பென்சில் அழிக்கும் ரப்பரைக் காய்ந்த கண்ணாடியில் அழுத்தி ஐம்பது தடவை வேகமாகத் தேய்த்து, உடனே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். சுடும். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும்; சூடே தெரியாது. நீங்கள் ஐம்பது தடவை தேய்த்தீர்கள். மெதுவாக ஓடும் எஞ்சினிலேகூட இம்பெல்லர் ஒரு நிமிடத்தில் பல நூறு சுற்றுச் சுற்றிவிடும். தண்ணீர் இல்லாவிட்டால் இதழ் முனைகள் சில வினாடிகளிலேயே கருகத் தொடங்கும். பிறகு வெடிக்கும், பிய்யும்.

கியரை நடுநிலையில் வைத்தால் தப்பிக்கலாமே என்றால், அதுவும் முடியாது. கியர் இருப்பது பம்புக்குக் கீழே. புரொப்பெல்லர் நின்றாலும் தண்டு சுழலும். தண்டோடு இம்பெல்லரும் சுழலும்.

பிய்ந்த ரப்பர்த் துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. அடுத்த முறை எஞ்சினை ஆற்றில் இறக்கும்போது, அரைகுறையாக வரும் நீரோடு அவையும் மேலே ஏறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய நீர்ப் பாதைகளில் சிக்கிக்கொள்ளும். எஞ்சின் இப்போது தண்ணீருக்குள் நிற்கிறது. ஆனாலும் அதற்குத் தண்ணீர் போதவில்லை. கொட்டகையில் 'நன்றாக இருந்த' எஞ்சின் ஆற்று நடுவில் சூடேறி நிற்பது இப்படித்தான்.

மீட்புப் படகுகளுக்கு இது மிகப் பெரிய ஆபத்து. மீனவரின் எஞ்சின் நாள்தோறும் கடலில் ஓடுகிறது. ஏதாவது கெட்டால் உடனே தெரியும். மீட்புப் படகின் எஞ்சினோ ஆண்டில் பெரும்பகுதி தூங்குகிறது. ஆனால் எழுப்பிய நிமிடம் ஓட வேண்டும். ஆகவே அதை அடிக்கடி ஓட்டிச் சரிபார்த்தே ஆக வேண்டும். அப்படிச் சரிபார்ப்பதே அதைக் கெடுத்துவிடாமலும் இருக்க வேண்டும். காவிரியில் 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. ஒரு லட்சம் கன அடி என்றால் ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர். ஒவ்வொரு வினாடியும்! அந்த ஓட்டத்தில் எஞ்சின் நின்ற ரப்பர் படகு என்ன கதிக்கு ஆளாகும்?

கிணற்றடியில் நடப்பதும் இதுவே

உங்கள் ஊர்க் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓடிப் பார்த்திருப்பீர்கள். மின்சார மோட்டார் வந்த பின் குறைந்துவிட்டாலும், பல தோட்டங்களில் இன்னும் உண்டு. தண்ணீரால் குளிரும் எஞ்சினாக இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பம்பு தள்ளும் குழாயிலிருந்து விரல் பருமனில் ஒரு கிளைக் குழாய் பிரிந்து எஞ்சினுக்குள் போகும். மறுபுறம் வெதுவெதுப்பான நீர் வாய்க்காலில் விழும். தாத்தா வரப்பில் வரும்போதெல்லாம் அந்த நீரில் கையை வைத்துப் பார்ப்பார். சூடு கூடினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படகு எஞ்சினிலும் அதே ஏற்பாடுதான். எஞ்சின் மூடியின் அடியில், பின்பக்கமாக ஒரு சிறு துளை இருக்கும். ஓடும்போது அதிலிருந்து நீர் மெல்லிய கம்பிபோலப் பீய்ச்சும். பழகிய படகோட்டி முன்னால் பார்க்கும் அளவுக்குப் பின்னாலும் பார்ப்பார். அந்த நீர்க்கம்பி மெலிந்தாலோ நின்றாலோ எஞ்சினை அணைத்துவிடுவார். விலை உயர்ந்த வெப்பமானிகளைவிட இந்தத் துளை மேல் என்பது என் கட்சி. கண் இருந்தால் போதும், பாட்டரி வேண்டாம்.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. கிணற்றுப் பம்பில் சுழல்வது உலோகச் சக்கரம். அது சுவரைத் தொடாது. நீரைச் சுழற்றி வெளிப்பக்கமாக வீசி எறியும்; அந்த வேகமே அழுத்தமாகிறது. நீரின் அடர்த்தி காற்றைப்போல 800 மடங்குக்கு மேல். எனவே பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால், வீசி எறிய அங்கே எடையுள்ள எதுவும் இல்லை. உறிஞ்சும் சக்தி போய்விடும். அதனால்தான் ஓட்டுமுன் குடத்தால் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்புகிறார்கள். ஊற்றிய நீர் ஒழுகிப் போகாமல் அடியில் ஃபுட்வால்வு காக்கிறது. ரப்பர் இதழ்ப் பம்புக்கு இந்தச் சிரமம் இல்லை. இதழ்கள் சுவரோடு ஒட்டியிருப்பதால் காற்றையே இழுத்து வெளியே தள்ளி, நீரை மேலே கொண்டுவந்துவிடும். சுவரை ஒட்டியிருப்பது அதன் பலம். காய்ந்தால் கருகுவதும் அதே ஒட்டுதலால்தான்.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய நீர்மூழ்கி மோட்டாரும் இந்தக் குடும்பம்தான். நம் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்குத் துளையிட்டும் தண்ணீர் குறைவாக வரும் இடங்கள் உண்டு. நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே போனால், குளிர்விக்க நீர் இல்லாமல் மோட்டார் எரிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பானல் பெட்டியில், நீர் வற்றினால் மின்சாரத்தை நிறுத்தும் கருவியை வைக்கிறார்கள்.

சுமை இல்லாத எஞ்சின்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பெடலை மிதித்திருக்கிறீர்களா? சக்கரம் பறக்கும். சாலையில் அதே காலால் அந்த வேகம் வராது. புரொப்பெல்லரும் அப்படித்தான். தண்ணீருக்குள் அது கனமான நீரை வெட்டித் தள்ள வேண்டும். காற்றில் தள்ள ஒன்றுமில்லை. கியரைப் போட்டு விசையைக் கூட்டினால், எஞ்சின் தன் அளவை மீறிய சுற்றுக்குப் போய்விடும். பிஸ்டன் கம்பிகளும் தாங்கிகளும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

கிணற்றடி ஆயில் எஞ்சினில் இதைத் தடுக்க 'கவர்னர்' இருக்கிறது. சுற்று கூடினால் இரண்டு குண்டுகள் வெளிப்பக்கமாக விரிந்து எரிபொருளைக் குறைத்துவிடும். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய அதே யோசனை. சிறிய பழைய படகு எஞ்சின்கள் பலவற்றில் இது கிடையாது. புதியவற்றில் பல, சுற்று எல்லை மீறினால் தீப்பொறியையே வெட்டிவிடுகின்றன.

பரிசல் ஏன் ஜெயிக்கிறது?

எஞ்சினைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் மட்டும் போதுமா? ஒகேனக்கல் அருவியடியில் இறக்கிப் பாருங்கள். ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். 'ஹொகே' என்றால் புகை. அருவி விழும் வேகத்தில் நீர்த்திவலைகள் எழுந்து, பாறையே புகைவதுபோல் தோன்றும். அருவியடியில் வெள்ளை வெளேரென்று நுரை. நுரை என்பது என்ன? பாதி நீர், பாதி காற்று. அங்கே எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இருந்தாலும், பம்பு காற்றைக் குடிக்கிறது. புரொப்பெல்லரும் பிடிப்பில்லாமல் வழுக்குகிறது. தண்ணீருக்குள்ளேயே தண்ணீருக்கு வெளியே!

போதாதற்குப் பாறைகள். புரொப்பெல்லர் பாறையில் மோதினால் பல்சக்கரம் நொறுங்காமலிருக்க, சிறு எஞ்சின்கள் பலவற்றில் மென்மையான உலோக ஊசி ஒன்று வைப்பார்கள். மோதியதும் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும். ஒகேனக்கல்லில் அப்படி எத்தனை ஊசியைத்தான் மாற்றுவது? மூங்கில் தப்பைகளால் பின்னி, முன்பு எருமைத் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திய பரிசல், முழங்கால் ஆழ நீரிலும் மிதக்கிறது. பாறையில் இடித்தால் தட்டாமாலை சுற்றி நழுவிப் போகிறது. அந்த இடத்துக்கு அதைவிட நல்ல படகை எந்தத் தொழிற்சாலையும் இதுவரை செய்யவில்லை.

கீழே நீர்த்தேக்கத்தில் தொல்லை வேறு மாதிரி. கோடையில் மேட்டூர் நீர்மட்டம் இறங்கினால் கரை ஒதுங்கிவிடும். பண்ணவாடியில் நீரில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்திச் சிலை வெளியே தலைகாட்டும். அப்போது படகுகள் சேற்றுக்கு மேலே மெல்லிய நீரில் கரை சேர வேண்டும். எஞ்சின் காலைத் தாழ்த்தினால் பம்பு சேற்றை உறிஞ்சும். மணல் கூட்டின் சுவரைக் கீறும். அதிகமாக உயர்த்தினால் நீர் புகும் வாய் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது அனுபவப்பட்ட கைக்கே வரும்.

சரியான முறை எது?

மிகப் பழைய முறை, டிரம். 200 லிட்டர் டிரம்மின் மேல்மூடியை வெட்டியெடுத்து, எஞ்சினின் காலை உள்ளே தொங்கவிட்டு, நீர் புகும் வாய்க்கு நன்றாக மேலே வரும்வரை தண்ணீர் நிரப்புவார்கள். கியர் நடுநிலையில், வேகம் மிகக் குறைவு. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. கியர் தப்பித்தவறி விழுந்தால், புரொப்பெல்லர் டிரம் தண்ணீரையெல்லாம் வாரி வெளியே இறைத்துவிடும். பிறகு கதை பழையபடி ஆகிவிடும்.

தண்ணீர் கொதித்துவிடாதா? மெதுவாக ஓடும் எஞ்சின் 3 கிலோவாட் வெப்பத்தை நீரில் விடுவதாக வைத்துக்கொண்டாலும், பத்து நிமிடத்தில் 1800 கிலோஜூல். டிரம்மில் 150 லிட்டர் இருந்தால் மூன்று டிகிரிகூட ஏறாது.

இன்னொரு முறை, குழாய் நீரைப் பயன்படுத்துவது. காதில் மாட்டும் ஒலிவாங்கிபோல இரண்டு ரப்பர்க் கிண்ணங்களைக் காலின் இரு பக்கத்து நீர்வாய்களில் கவ்வவிட்டு, தோட்டக் குழாயை அதில் செருகுகிறார்கள். முதலில் தண்ணீரைத் திறக்க வேண்டும். பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். நிறுத்தும்போது முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். இந்த வரிசை மாறக் கூடாது. கிளப்பியதும் நீர்க்கம்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலோர மீனவர்கள் சரிபார்ப்பதற்கு மட்டுமல்ல, கழுவுவதற்கும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டுவார்கள். உப்பு உள்ளே படிந்தால் பாதைகள் அடைபடும். நம் பக்கத்துக் கடின நீரிலும் இந்தத் தொல்லை உண்டு. சூடானால் சுண்ணாம்பு படியும். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியுமே!

எந்த முறையானாலும் திறந்தவெளியில்தான் ஓட்ட வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். மூடிய கொட்டகையில் எஞ்சினுக்கு முன்னால் மனிதர் விழுந்துவிடலாம். நீங்கள் இதைப் பார்க்கப் போனால் எட்டி நின்று பாருங்கள். கயிற்றை இழுப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

இத்தனை தொல்லை எதற்கு, மோட்டார் சைக்கிள்போலக் காற்றால் குளிரும் எஞ்சினை வைக்கக் கூடாதா என்று தோன்றும். வைக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் பல மீனவர்கள், துடுப்புபோல நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் வைத்த, காற்றால் குளிரும் டீசல் எஞ்சினைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நீர்ப் பம்பே இல்லை. கரையில் கிளப்பினாலும் கருக ரப்பர் கிடையாது. ஆனால் எடையும் சத்தமும் அதிகம்.

படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை முதலில் செய்தவர்களில் ஒருவர் பாரிசைச் சேர்ந்த குஸ்தாவ் துரூவே. 1881-ல் சேன் நதியில் மின்சார மோட்டாரால் படகு ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினைப் பெரிய அளவில் விற்று வெற்றி கண்டவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், ஆண்டு 1909. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஏரியில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அதனால் எஞ்சின் செய்தாராம். கதை எவ்வளவு உண்மையோ! அவர் பெயர் தாங்கிய எஞ்சின்களின் உற்பத்தி 2020-ல் நின்றது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். சாலையும் மதிலும் வேலியும் மூழ்கிய நீரில் எஞ்சின் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மிதந்து வரும் ஒரு பிளாஸ்டிக் பை நீர்வாயில் ஒட்டிக்கொண்டால் போதும். படகு தண்ணீரில் இருக்கும், எஞ்சின் வறண்டுபோகும்.

உங்களுக்கு ஒரு வேலை

பக்கத்தில் தண்ணீரால் குளிரும் ஆயில் எஞ்சின் இருந்தால், தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு பத்து லிட்டர் வாளி, வெப்பமானி, கைக்கடிகாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சுழலும் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் போக வேண்டாம். சூடான நீர் வந்து விழும் இடம் போதும். கிணற்று நீரின் வெப்பநிலை 27 டிகிரி, எஞ்சினிலிருந்து வரும் நீர் 43 டிகிரி, வாளி நிரம்ப மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் நீர் 16 டிகிரி சூடாக 672 கிலோஜூல் எடுத்திருக்கிறது. அதை 180 வினாடியால் வகுத்தால் 3.7 கிலோவாட். அதாவது ஐந்து குதிரைத்திறன். ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் நீர் இறைக்கச் செலவிடும் அளவு சக்தியை வாய்க்காலில் வெந்நீராகவும் கொட்டிக்கொண்டிருக்கிறது! உங்கள் தோட்டத்து எஞ்சின் எவ்வளவு கொட்டுகிறது? அளந்து, எஞ்சின்மேல் தகட்டில் பொறித்திருக்கும் குதிரைத்திறனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.